சண்டை ஓய்ந்தது சரி, நியாயம் கிடைத்ததா? ஃபேன்டசி கேம்களின் கோஷ்டி மோதல் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி பையன் பத்தாவது படிக்கிறான், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்கைரிம் ஆடிக்கொண்டிருந்தான். 2011இல் வந்த கேம், இன்னும் விடாமல் ஆடுகிறார்கள். அந்தக் கேமில் ஒரு உள்நாட்டுப் போர் உண்டு. இம்பீரியல் படை ஒரு பக்கம், ஸ்டார்ம்கிளோக் என்கிற கலகக்காரர்கள் இன்னொரு பக்கம். இவன் இம்பீரியல் பக்கம் நின்று, கடைசிக் கோட்டையான விண்ட்ஹெல்ம் நகரத்தைப் பிடித்து, கலகத் தலைவன் உல்ஃப்ரிக்கின் கதையையும் அன்றைக்குத்தான் முடித்திருந்தான். ஜெயித்த சந்தோஷத்தில் ஊரைச் சுற்றி வந்தவன், மதிலுக்கு வெளியே இருக்கிற படகுத்துறைக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் ஆர்கோனியன்கள், பல்லி முகம் கொண்ட மக்கள். அவர்கள் நகரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்பது உல்ஃப்ரிக் காலத்து உத்தரவு. உல்ஃப்ரிக் போயாகிவிட்டது, புதுத் தலைவர் வந்தாகிவிட்டது, ஆனால் அவர்கள் அதே குளிரில், அதே பலகை மேல், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். பையன் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்: “இன்னாண்ணா, சண்டைதான் முடிஞ்சிச்சே, இவங்க இன்னும் ஏன் வெளியவே கீறாங்க?”

அவனுக்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. “கேம் அப்படித்தான்டா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அது தப்பான பதில் என்று இரண்டு மூன்று நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கேம் கதைகளில் இப்படித் தீராமல் நிற்கிற மோதல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறோம். ஒருத்தர் “முடிவே இல்லாத கதை, எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார்கள்” என்பார். இன்னொருத்தர் “இரண்டு பக்கமும் தப்பு, அதுதான் யதார்த்தம், உனக்குப் புரியவில்லை” என்பார். இரண்டுமே அவசரப் பேச்சு. உள்ளே என்ன நடக்கிறது என்று கேமே ஆடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு மைதானம்

எங்கள் பக்கம் ஃபுட்பால் எவ்வளவு பெரிய விஷயம் என்று வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மைதானத்துக்கு இரண்டு டீம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. யார் முதலில் வந்தது, யார் கல்லை நகர்த்தி கோல்போஸ்ட்டை மாற்றியது என்று வாய்த்தகராறாக ஆரம்பித்து, ஒருநாள் கைகலப்பாகி, அதில் ஒரு பையனுக்குக் கை உடைந்தது. பெரியவர்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். காலையில் இவர்கள், சாயங்காலம் அவர்கள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கை குலுக்கச் சொன்னார்கள், குலுக்கினோம். பேசி முடித்தாயிற்று.

அந்தப் பையன் அன்றைக்குக் கட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடித்தது யார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் பெயரைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டுக்கான செலவை அவன் அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். அதன் பிறகு அவன் மைதானத்துக்கே வரவில்லை.

இங்கே இரண்டு விஷயம் நடந்திருக்கிறது, இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மோதல் தீர்ந்தது, அதாவது இரண்டு கூட்டமும் இனி அடித்துக்கொள்ளாது. நியாயம் கிடைக்கவில்லை. நியாயம் என்றால் குறைந்தபட்சம் என்ன? நடந்தது என்ன என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்படணும், செய்தவன் நான்தான் என்று ஒத்துக்கொள்ளணும், இழந்தவனுக்கு ஏதாவது திரும்பக் கிடைக்கணும், இனி நடக்காது என்று அவன் நம்புகிற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கணும். மைதானத்தில் கடைசி விஷயம் மட்டும், அதுவும் பாதிதான் நடந்தது.

இதே மாதிரி தலைகீழாகவும் நடக்கும். மோதல் தீராமலே இருக்கும், ஆனால் ஒரு ஆளுக்கு நியாயம் கிடைத்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் கேம் கதை பற்றிய பாதி வாக்குவாதம் பிறக்கிறது.

கேமில் கோஷ்டி என்பது என்ன

பேப்பரில் “கோஷ்டி மோதல்” என்று படிக்கிறோமே, கேம்காரர்கள் ஃபேக்‌ஷன் என்று சொல்வது ஏறக்குறைய அதுதான். ஒரு கொள்கை, ஒரு கொடி, ஒரு தலைவர், நீங்கள் சேரலாம் அல்லது எதிர்க்கலாம் என்கிற ஒரு கூட்டம். இந்தக் கட்டுரை முழுக்க நான் கோஷ்டி என்றே எழுதுகிறேன்.

ஃபேன்டசி கேமில் கோஷ்டி இரண்டு வேலை செய்கிறது. கதைக்குள் அது ஒரு வாதம். டிராகன் ஏஜ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மந்திர சக்தியோடு பிறக்கிற மேஜ்களைச் சிறு வயதிலேயே குடும்பத்திலிருந்து பிரித்து சர்க்கிள் என்கிற கோபுரங்களில் அடைத்து வைக்கிறார்கள், காவலுக்கு டெம்ப்ளர் வீரர்கள். மேஜின் உடலுக்குள் பேய் புகுந்துவிடும் ஆபத்து அந்த உலகத்தில் நிஜம், அதனால் காவலும் வெறும் கொடுமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அதே சமயம் பிறந்ததே குற்றமாகிற குழந்தையின் பக்கத்தில் நின்று பார்த்தால் கோபுரம் சிறைதான். கோஷ்டி என்பது இந்த வாதத்துக்கு ஆள் உருவம் கொடுக்கிறது.

கதைக்கு வெளியே கோஷ்டி ஒரு வேலை வாங்கும் கருவி. குவெஸ்ட் என்று சொல்வார்கள், “இதைக் கொண்டு வா, அவனை முடி, இந்தக் கோட்டையைப் பிடி” என்று கேம் உங்களுக்குக் கொடுக்கும் வேலை. யார் கொடுப்பது? கோஷ்டித் தலைவர். எதற்குச் செய்கிறோம்? கோஷ்டி ஜெயிக்க. ஆகவே மோதல் நடந்துகொண்டிருக்கும்வரை ஆட வேலை இருக்கும். மோதல் நின்றால் வேலையும் நின்றுவிடும். இந்த இடத்திலேயே முதல் முடிச்சு விழுந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மோதல் தீர்வது ஒன்று, நியாயம் கிடைப்பது வேறொன்று. கோஷ்டி என்பது கதைக்கு ஒரு வாதம், கேமுக்கு ஒரு கருவி.

வேறு வேறு வழியில் வந்து கொருக்குப்பேட்டையில் சேர்வது

சரி, எழுதுகிறவர்கள் நினைத்தால் முடித்துவிடலாமே, ஏன் முடிப்பதில்லை? இதற்குக் கொஞ்சம் உள்ளே போகணும்.

நீங்கள் ஒரு முடிவு எடுத்ததும் கேம் அதை ஞாபகம் வைத்துக்கொள்வது மளிகைக் கடை நோட்டு மாதிரி. “பால் பாக்கெட் வாங்கினார், ஆம்” என்று அண்ணாச்சி ஒரு டிக் போடுகிற மாதிரி, “உல்ஃப்ரிக் இறந்தான், ஆம்” என்று கேம் ஒரு டிக் போட்டு வைக்கும். இதை ஃபிளாக் என்பார்கள். டிக் போடுவது சுலபம், செலவே இல்லை. அந்த டிக்கைப் பார்த்து உலகம் மாறணும் என்றால்தான் செலவு.

விண்ட்ஹெல்ம் துறைக்கே வருவோம். ஒரு ஆர்கோனியன் நகரத்துக்குள் குடிவரணும் என்றால் அவருக்கு ஒரு வீடு, படுக்க ஒரு கட்டில், காலையில் எங்கே போவார், ராத்திரி எங்கே சாப்பிடுவார் என்று ஒரு தினசரி ஒழுங்கு, புதுப் பேச்சு, அந்தப் பேச்சை ஸ்டூடியோவில் வந்து பேச ஒரு நடிகர், அவரைப் பார்த்து முறைக்கவோ சிரிக்கவோ பக்கத்து வீட்டுக்காரருக்கும் புதுப் பேச்சு, இவ்வளவும் வேண்டும். அதுவும் இம்பீரியல் பக்கம் நின்று போரை முடித்த ஆட்டக்காரர்கள் மட்டும் பார்க்கப்போகிற ஒரு காட்சிக்காக. காவலாளிகளின் உடையும் கொடியும் மாற்றுவது மலிவு, அதை மாற்றினார்கள். தலைவர் நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்தார்கள். துறையில் நின்றவர்கள் நின்றபடி இருந்தார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆம் அல்லது இல்லை என்று இரண்டே வழி உள்ள முடிவு பத்து இருந்தால் மொத்தம் 1,024 விதமான உலகம் வந்துவிடும். இருபது முடிவு என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையையும் யாரும் எழுத முடியாது. அதனால் செய்கிற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள கும்மிடிப்பூண்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் வழியாக வருவீர்கள், பீச்சில் ஏறினால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வருவீர்கள். வழியில் பார்க்கிற ஸ்டேஷன்கள் வேறு வேறு. ஆனால் கொருக்குப்பேட்டையில் இரண்டும் ஒன்றாகிவிடும், அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே பாதைதான். கதை பிரிகிற இடத்தைக் கிளை என்கிறார்கள். பிரிந்த கிளைகளை மறுபடி ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாப் பெரிய கேமிலும் உண்டு. தப்பில்லை, வேறு வழியும் இல்லை.

தப்பு எங்கே வருகிறது என்றால், சேர்க்கிற இடத்தில் இரண்டு பக்கத்து வாதத்தையும் சேர்த்துச் சிதைக்கும்போது. 2011இல் வந்த டிராகன் ஏஜ் 2 இதற்கு நல்ல உதாரணம். கிர்க்வால் என்கிற நகரத்தில் மேஜ்களுக்கும் டெம்ப்ளர்களுக்கும் பகை முற்றி, ஆண்டர்ஸ் என்கிற மேஜ் நகரத்தின் பெரிய வழிபாட்டுத் தலத்தையே வெடிக்க வைத்துவிடுவான். அதற்குப் பதிலடியாக டெம்ப்ளர் தலைவி மெரிடித், அதில் சம்பந்தமே இல்லாத சர்க்கிள் மேஜ்கள் அத்தனை பேரையும் கொல்ல உத்தரவு போடுவாள். ஒருத்தன் செய்ததற்கு ஒரு கூட்டத்தையே தண்டிக்கலாமா என்பதுதான் கேள்வி, எவ்வளவு கனமான கேள்வி! அங்கே நீங்கள் பக்கம் எடுக்கணும். ஆனால் எந்தப் பக்கம் எடுத்தாலும் மேஜ்களின் தலைவன் ஆர்சினோ கடைசியில் அரக்கனாக மாறி உங்களோடு மோதுவான், நீங்கள் அவனைக் காப்பாற்ற வந்தவராக இருந்தாலும். மெரிடித்தும் மந்திரக் கனிமம் ஏறிய வாளால் புத்தி பேதலித்து உங்களோடு மோதுவாள், நீங்கள் அவள் படையாக நின்றிருந்தாலும்.

பாதை கொருக்குப்பேட்டைக்கு வந்துவிட்டது. ஆனால் பயணியின் கையில் இருந்த கேள்வி வழியிலேயே தொலைந்துவிட்டது. “இரண்டு பக்கமும் பைத்தியம்” என்று முடித்தால் யாருக்கு அநியாயம் நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? இதை நடுநிலை என்று பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. கையுடைந்த பையனையும் உடைத்தவனையும் சேர்த்து “ரெண்டு பேரும் முரடனுங்க” என்று சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த பாகம் வரும்போது

ஒரு கேமில் ஒரு மாதிரி முடித்துவிட்டீர்கள், சரி. அடுத்த பாகம் வரும்போது எந்த முடிவை உண்மை என்று வைப்பது? “அதிகாரபூர்வமாக நடந்தது இதுதான்” என்று தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்கிற கதையைக் கேனன் என்பார்கள். ஒன்றைக் கேனன் என்று அறிவித்தால் மற்ற முடிவு எடுத்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் “நீ செய்தது நடக்கவே இல்லை” என்று சொன்னதாகிவிடும்.

ஸ்கைரிமுக்கு முன்னால் அதே வரிசையில் 1996இல் டாகர்ஃபால் என்று ஒரு கேம் வந்தது. ஒரு பிரம்மாண்டமான ஆயுதத்தை யாரிடம் கொடுப்பது என்பதைப் பொறுத்துப் பல முடிவுகள். அதற்குப் பிறகு வந்த பாகங்களில் அவர்கள் சொன்ன தீர்வைக் கேளுங்கள்: காலமே உடைந்து, எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டன! எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் இது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜெயித்துவிட்டால், யாரால் யார் அழிந்தார்கள் என்று கணக்குக் கேட்க ஒருவரும் மிச்சமில்லை என்பதையும் கவனிக்கணும்.

இன்னொரு வழி, பேசாமல் இருந்துவிடுவது. 2011இல் வந்த விட்சர் 2இல் யோர்வெத் என்று ஒரு எல்ஃப் போராளி வருவான், மனிதர்கள் நசுக்கிவைத்திருக்கிற தன் இனத்துக்காகக் காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவன். அவனோடு போவதா, அவனை வேட்டையாடும் ரோஷ் என்கிற அதிகாரியோடு போவதா என்பதைப் பொறுத்து கேமின் இரண்டாம் பகுதியே வேறாகிவிடும், தங்குகிற இடம், பார்க்கிற ஆட்கள் எல்லாம். ஒரு தடவை ஆடுகிறவர் பாதிக் கதையைப் பார்க்கவே மாட்டார், அது தெரிந்தே துணிந்து செய்தார்கள், அதற்காகவே அந்தக் கேமை நான் மதிக்கிறேன். ஆனால் 2015இல் விட்சர் 3 வந்தபோது ரோஷ் இருக்கிறான், யோர்வெத் இல்லை. செத்தானா, பிழைத்தானா, அவன் கேட்ட நாடு என்ன ஆனது, காட்சியாக எதுவும் இல்லை.

டிராகன் ஏஜிலும் அதே கதை. 2014இல் வந்த மூன்றாம் பாகம் இன்குவிசிஷனில் மேஜ், டெம்ப்ளர் இரண்டில் ஒரு பக்கத்தைச் சேர்த்துக்கொள்வீர்கள், முடிவில் சர்க்கிள் கோபுரங்கள் திரும்ப வருமா, மேஜ்கள் விடுதலை ஆவார்களா என்பதுகூட உங்கள் செயல்களைப் பொறுத்து மாறும். 2024இல் வந்த நான்காம் பாகம் வெயில்கார்டு, பழைய கதையிலிருந்து மூன்றே மூன்று முடிவுகளை மட்டும்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மேஜ்களின் விடுதலை அந்த மூன்றில் இல்லை. கதை வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

முடியவே கூடாத சண்டை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்கிற ஆன்லைன் கேம் 2004 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பாத்திரத்தை உருவாக்கும்போதே அலையன்ஸா, ஹோர்டா என்று பெரும்பாலும் முடிவாகிவிடும். ஒரு கோஷ்டி நிஜமாகவே ஜெயித்துவிட்டால் மறுபக்கம் இத்தனை வருடம் பணம் கட்டி ஆடியவர்கள் எங்கே போவார்கள்? ஆகவே மோதல் தீர முடியாது, ஓய முடியும், மறுபடி மூள முடியும், அவ்வளவுதான்.

2018இல் ஹோர்டின் தலைவி சில்வானஸ், டெல்ட்ராசில் என்கிற ராட்சத மரத்தை எரித்தாள். அந்த மரத்தின் மேல் நைட் எல்ஃப்களின் ஊரே இருந்தது. உள்ளே குடும்பங்கள் இருந்தன. அந்தத் தீ வரைக்கும் போன படையெடுப்பில் ஹோர்ட் ஆட்டக்காரர்கள் கலந்துகொண்டிருந்தார்கள், எரிக்கப் போகிறாள் என்று தெரியாமலே. அவர்களில் பலருக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று அந்த நேரத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் சண்டை ஓய்ந்து சமாதானம் ஆனது. ஆனால் மரம்? 2022இல்தான் எல்ஃப்களின் தலைவி டிராண்டியின் முன்னால் சில்வானஸை நிறுத்தி, தீர்ப்பைச் சொல் என்று அவளிடமே கொடுத்தார்கள். பாதாளம் போன்ற ஓர் இடத்தில் சிக்கியிருக்கிற ஆன்மாக்கள் அத்தனையையும் தேடி மீட்கும்வரை நீ அங்கேயே இருக்கணும் என்றாள் டிராண்டி. 2023இல் அந்த மக்களுக்குப் புது மரம் ஒன்று வந்தது.

இதில் எனக்குக் குறை நிறைய உண்டு, முக்கியமாக, சில்வானஸுக்குப் பின்னால் இன்னொரு பெரிய வில்லனைக் கொண்டுவந்து பழியின் பாரத்தைக் குறைத்தது. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தார்கள். இரண்டு கோஷ்டியும் இன்றைக்கும் இருக்கிறது, மோதல் என்கிற அமைப்பு அப்படியே இருக்கிறது. அதற்குள்ளேயே, இழந்தவளின் வாயால் தீர்ப்பு சொல்லப்பட்டது. மோதல் தீராமலே நியாயத்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்று முன்னால் சொன்னேனே, அதற்கு இது உதாரணம்.

சுருக்கமாக: மோதல் தீராமல் நிற்பதற்குச் செலவு ஒரு காரணம், அடுத்த பாகம் ஒரு காரணம், மோதலையே அஸ்திவாரமாக வைத்துக் கட்டிய கேம் என்பது இன்னொரு காரணம். இவை எதுவும் எழுத்தாளரின் சோம்பேறித்தனம் இல்லை.

தடைக்காலமும் பொது எதிரியும்

காசிமேட்டில் விசைப்படகுக்காரர்களுக்கும் சின்னப் படகுக்காரர்களுக்கும் வலை பற்றி, தூரம் பற்றி மனக்கசப்பு புதிது இல்லை, தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் இனப்பெருக்கத்துக்காக. அந்த 61 நாளும் இந்தப் பேச்சு அடங்கியிருக்கும். 62ஆம் நாள் அதே கடல், அதே வலை.

கேம்களில் இந்தத் தடைக்காலத்தை அடிக்கடி பார்க்கலாம். ஸ்கைரிமில் உள்நாட்டுப் போரை நீங்கள் முடிக்காமலே டிராகன் கதையைத் தொடர்ந்தால், மலை உச்சி மடத்தில் இரண்டு கோஷ்டியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு தற்காலிக ஒப்பந்தம் போடவேண்டி வரும். யாருக்கு எந்த ஊர் என்று பேரம் நடக்கும், பழைய படுகொலைகளைச் சொல்லிச் சொல்லிக் கத்துவார்கள். உலகத்தையே விழுங்க டிராகன் வருகிறது என்பதால் மட்டும்தான் கையெழுத்து விழும். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது தன்னைத் தீர்வு என்று சொல்லிக்கொள்வதில்லை. மேசையில் இருக்கிற எல்லோருக்கும் இது தடைக்காலம் என்று தெரியும்.

ஏமாற்று எங்கே என்றால், பொது எதிரி வந்ததும் பழைய சண்டையே இல்லாத மாதிரி நடந்துகொள்வது. பெரிய பூதம் வந்துவிட்டது, எல்லோரும் ஒன்று சேருங்கள், அந்தக் கோபுரத்தில் அடைத்தது, ஊரை எரித்தது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

ஆராய்ச்சி மணி இருக்கிறதா?

அப்படியானால் வேண்டுமென்றே திறந்து விட்ட கதையையும், கைவிடப்பட்ட கதையையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? நான் வைத்திருக்கிற அளவுகோல் மனுநீதிச் சோழன் கதையிலிருந்து எடுத்தது. அந்தக் கதையில் அரண்மனை வாசலில் ஒரு மணி கட்டியிருக்கும், கன்றை இழந்த பசுகூட வந்து அடிக்கலாம். கேமுக்குள் அப்படி ஒரு மணி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அடிபட்டவர் எங்கேயாவது வந்து நின்று, எனக்கு இது நடந்தது என்று சொல்ல இடம் இருக்கிறதா? சொன்னதைக் கேட்டு யாராவது, ஆட்டக்காரராகவே இருக்கட்டும், முகம் கொடுத்து நிற்கவேண்டி வருகிறதா? தீர்வு கிடைக்காமல் போகலாம். மணி இருக்கணும்.

ஸ்கைரிமிலேயே இன்னொரு ஊர் மார்கார்த். வெள்ளிச் சுரங்கம் உள்ள ஊர், சில்வர் பிளட் என்கிற பணக்காரக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்த மண்ணின் பழங்குடிகளான ஃபோர்ஸ்வோர்ன் விரட்டப்பட்டு மலையில் இருந்து தாக்குகிறார்கள். எல்ட்ரிஸ் என்கிற ஒரு சாதாரண ஆள் உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டைத் திணிப்பான். ஊரில் நடக்கிற கொலைகளுக்குப் பின்னால் யார், என் அப்பா ஏன் செத்தார், கண்டுபிடித்துச் சொல் என்பான். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். சொல்லலாம் என்று திரும்பி வந்தால் எல்ட்ரிஸ் செத்துக் கிடப்பான், காவலாளிகளே கொன்றிருப்பார்கள், பழியை உங்கள் மேல் போட்டு, சிறையாகவும் இருக்கிற அந்த வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே மடனாக் என்கிற ஃபோர்ஸ்வோர்ன் அரசன். அவனைக் கொன்றால் சில்வர் பிளட் குடும்பத்தின் தோனர் உங்களை விடுவிப்பான். அவனோடு தப்பினால் தோனர் சாவான், மலையில் தாக்குதல் தொடரும். மூன்றாவது வழி, அதாவது உண்மையை ஊர் முன்னால் போட்டு உடைப்பது, கேமில் கிடையாது.

முதல் தடவை ஆடியபோது இது எழுதியவர்களின் குறை என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மூன்றாவது வழி இல்லாதது கைவிடல் இல்லை, அதுதான் அந்த ஊரைப் பற்றிய கதை. மணி அடித்தவனையே கொன்றுவிடுகிற ஊர். நீங்கள் கையில் ஆதாரத்தோடு நின்று அதைப் பார்க்கணும், அதற்காகத்தான் அந்தக் குவெஸ்ட். தீராத மோதல், கிடைக்காத நியாயம், இரண்டும் இருக்கிறது, ஆனால் எல்ட்ரிஸின் பெயரை ஆடியவர்கள் மறப்பதில்லை. டிராகன் ஏஜ் 2இன் கடைசி அரை மணி நேரத்தில் மெரிடித் உத்தரவால் செத்த ஒரு சாதாரண மேஜின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

இந்த அளவுகோலை வைத்து நீங்கள் ஆடிய கேம்களைப் பாருங்கள். எந்தக் கோஷ்டி ஜெயித்தது என்பதை விட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையோடு ஓரமாக நின்ற பையன் யார், கேம் அவன் பக்கம் ஒரு தடவையாவது திரும்பியதா என்று தேடுங்கள். பெரிய போர்க் காட்சிகளில் கிடைக்காமல் சின்னச் சின்ன வேலைகளில் கிடைக்கும்.

விண்ட்ஹெல்ம் துறையிலும் அப்படி ஒன்று இருக்கிறது, பையனுக்கு அன்றைக்குச் சொல்ல மறந்தேன். துறையில் நிற்கிற ஆர்கோனியன் ஒருவரிடம் நின்று பேசினால் கூலியைப் பற்றிச் சொல்வார். முதலாளி டோர்பியான் அவர்களுக்குக் கொடுப்பது உள்ளூர் நார்ட் ஆளுக்குக் கொடுப்பதைவிட ரொம்பக் குறைவு. நீங்கள் போய் முதலாளியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தால் கூலி ஏறும். போர் இல்லை, கொடி இல்லை, எந்தப் பக்கத்தில் இருந்தாலும் செய்யலாம், பெரும்பாலானவர்கள் கவனிக்காமலே தாண்டிப் போகிற வேலை.

அடுத்த வாரம் போனபோது இதைச் சொன்னேன். அவன் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் துறைக்குப் போனான், பேச்சைக் கேட்டான், ஊருக்குள் போய் டோர்பியானைத் தேடிப் பிடித்துப் பேசினான், ஒப்புக்கொள்ள வைத்தான். திரும்ப வந்து அந்த ஆளிடம் சேதியும் சொல்லியாயிற்று. அவர் நன்றி சொல்லிவிட்டு அதே பலகைக்குத் திரும்பிப் போனார், மதிலுக்கு வெளியே.

“கூலி ஏறிச்சு, ஆனா உள்ள வுடலயே” என்றான்.

“ஆமா, அதுக்கு இந்தக் கேம்ல வழி இல்ல.”

கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் புதுசாக ஒரு ஆட்டத்தை ஆரம்பித்து, பெயரைத் தட்டிக்கொண்டே, “ஆர்கோனியனாவே ஆடலாம்ல?” என்று கேட்டான். ஆடலாம் என்றேன்.